கோட்டுக்கு உள்ளே யார், வெளியே யார்?



ஜனத்தொகைக் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும் சில தோழர்கள் முகம் சுளித்தார்கள். “கூலியைப் பற்றிப் பேசுங்கள், வீட்டுமனையைப் பற்றிப் பேசுங்கள், சர்க்கார் எடுக்கிற தலைக்கணக்கு நமக்கு எதற்கு?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் வரும், குழாய் எதுவரை நீளும், எந்த வார்டு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்படும், ஊராட்சிக்கு எவ்வளவு பணம் வரும் என்பதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானமாகிறது. ஆகவே அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிராமத்துத் தோழர்களுக்கு மரக்காலைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பண்ணைக்கு நெல் வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி அளக்கும்போது வேறொரு மரக்கால். நெல்லும் அதே நெல்தான், களமும் அதே களந்தான், அளக்கிற காரியஸ்தரும் அதே ஆள்தான். ஜனத்தொகைக் கணக்கிலும் அப்படி ஒரு மரக்கால் உண்டு. அதன் பெயர் எல்லைக்கோடு. “இந்த ஊரில் இத்தனை பேர்” என்று சொல்வதற்கு முன்னால், இந்த ஊர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று யாராவது ஒருவர் கோடு போட்டாக வேண்டும். எண்ணுகிற வேலையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். கோடு போடுகிற வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நாம் கூடியிருக்கும் இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் எத்தனை பேர் வசிக்கிறார்கள்? இதற்கு ஒரே விடை சொல்லக்கூடியவர் சென்னைப் பட்டணத்தில் ஒருவரும் இல்லை. தபால்காரரைக் கேட்டால் அவருக்கு மயிலாப்பூர் என்பது 600004 என்ற இலக்கம். போலீஸ் ஸ்டேஷனுக்கு அது வேறு எல்லை. சட்டமன்றத் தொகுதிக்கு 2008-இல் போட்ட எல்லை. மாநகராட்சியின் 2011 பிரிவினைப்படி அது தேனாம்பேட்டை மண்டலத்துக்குள் அடங்கிய சில வார்டுகள். கபாலி கோயில் மாட வீதியில் பூ விற்கும் அம்மாளைக் கேளுங்கள், அவர் சொல்லும் மயிலாப்பூர் இவை எதனோடும் பொருந்தாது. ஆனால் நமக்கு அவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

அடையாற்றில் இன்னும் வேடிக்கை. அங்கே மனை வாங்கியவரின் பத்திரத்தை விரித்தால் ‘ஊரூர் கிராமம்’ என்று இருக்கும். சற்றுத் தள்ளிப் போனால் ‘கோட்டூர் கிராமம்’, ‘பள்ளிப்பட்டு கிராமம்’. நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டடம், கீழே மோட்டார் நிறுத்த இடம். சர்வே கணக்கில் மட்டும் இன்னும் கிராமம். அந்த ஊரூரின் சொந்த மக்களான மீனவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் என்று கடலோரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். ஊரின் பெயர் பத்திரத்துக்குப் போய்விட்டது, ஊர் மணலுக்குப் போய்விட்டது.

தியாகராய நகரின் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது ஆதியில் ஊரே அல்ல, ஏரி. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1923 முதல் வடிகட்டி, மேடாக்கி, மனை பிரித்து, சர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். ஏரிக்கரை எங்கே இருந்ததோ அங்கே இன்று ஜவுளிக்கடை. மனிதன் இயற்கையின் எல்லையையே மாற்றுகிறான் என்றால், காகிதத்து எல்லையை மாற்ற எவ்வளவு நேரமாகும்?

எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். 1871-இல் சென்னை ராஜதானியில் கணக்கெடுத்தபோது சென்னைப் பட்டணத்தில் 3,97,552 பேர். கார்னிஷ் என்ற வெள்ளைக்கார டாக்டர் அந்தக் கணக்கின் அறிக்கையை எழுதினார். 1951-இல் அது 14 லட்சத்தைத் தாண்டியது. நடுவே 1946-இல் சைதாப்பேட்டை நகராட்சி பட்டணத்தோடு சேர்ந்துவிட்டது என்பதை மறக்கக் கூடாது. ஆகவே பட்டணம் வளர்ந்தது என்றால் பிள்ளைகள் பிறந்தும் வளர்ந்தது, ஜனங்கள் பிழைப்புத் தேடி வந்தும் வளர்ந்தது, கோட்டைத் தள்ளிப் போட்டும் வளர்ந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் திருவான்மியூரும் வேளச்சேரியும் இன்னும் பல ஊர்களும் உள்ளே வந்தன. 2011 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் சென்னை 46,46,732 பேர், பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர். அதே வருஷம் அக்டோபரில் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துப் பரப்பை 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். ஒரே உத்தரவில், ஒரு குழந்தையும் பிறக்காமல், ஒருவரும் மூட்டை கட்டாமல், பட்டணத்தில் சுமார் 20 லட்சம் பேர் கூடிவிட்டார்கள்! சுற்றுவட்டாரத்தை எல்லாம் சேர்த்து ‘நகரத் தொகுதி’ என்று கணக்கிட்டால் 86 லட்சத்துக்கு மேல் போகிறது. மூன்று எண்களுமே சரியான எண்கள். எந்தக் கோட்டுக்கு எந்த எண் என்பதைச் சொல்லாமல் ஒருவர் புள்ளிவிவரம் பேசினால் அவரை நம்பாதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி இருக்கிறது. 2011 கணக்கு அன்றைய 155 பழைய வார்டுகளின்படி எடுத்தது. எல்லை விரிந்த பிறகு வார்டுகள் 200. பழைய வார்டு இலக்கம் புதிய வார்டோடு பொருந்தாது. உங்கள் வார்டில் பத்து வருஷத்துக்கு முன் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று ஒப்பிட முயன்றால் கையில் எஞ்சுவது இரண்டு பொருந்தாத காகிதங்கள். ‘நிலைமை மேம்பட்டிருக்கிறது’ என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இனி எண்ணும் முறைக்கு வருவோம். கணக்கெடுப்பவர் மயிலாப்பூரை எண்ணுவதில்லை, மந்தைவெளியை எண்ணுவதில்லை. அவர் கையில் ஒரு ‘பிளாக்’ இருக்கிறது. ஒரு வார்டுக்குள் அடங்கிய, சுமார் 600 முதல் 800 பேர் வாழ்கிற துண்டு. தெரு, சந்து, கால்வாய், சுவர் என்று கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றை எல்லையாகப் பிடித்து, கையால் ஒரு படம் வரைந்து, வீட்டுக்கு இலக்கம் போட்டு, பிறகு எண்ணுகிறார்கள். இது நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டோம். ஒரு வீடும் இரண்டு முறை வரக் கூடாது, ஒரு வீடும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை. இதைச் செய்கிற ஆசிரியர்களும் சிப்பந்திகளும் வெயிலில் நடந்து உழைக்கிறவர்கள். அவர்கள் நம்முடைய ஆட்கள். விவகாரம் அவர்களுக்கு மேலே இருக்கிறது.

குடிசைப் பகுதிக்கென்று தனி பிளாக் போட வேண்டும் என்பது 2011-இல் விதி. எது குடிசைப் பகுதி? மூன்று வகை சொன்னார்கள். சட்டப்படி அறிவிக்கப்பட்டது ஒன்று. அறிவிக்காவிட்டாலும் சர்க்கார் அங்கீகரித்தது இரண்டு. மூன்றாவது, கணக்கெடுப்பு அதிகாரியே நேரில் பார்த்து இனங்கண்டது. அதற்கு அளவு, குறைந்தது 300 பேர், அல்லது சுமார் 60, 70 குடும்பங்கள் நெருக்கமாகச் சேர்ந்து, சரியான கழிவறையும் குடிநீரும் இல்லாமல் வாழ வேண்டும். அப்படியானால் கால்வாய்க் கரையில் 40 குடும்பம் இருந்தால்? அது குடிசைப் பகுதி ஆகாது. அந்த 40 குடும்பத்தையும் பக்கத்துப் பங்களாக்களோடு சேர்த்து ஒரே பிளாக்கில் எண்ணிவிடலாம். அப்புறம் சராசரி எடுப்பார்கள். பங்களாவில் நாலு கழிவறை, குடிசையில் ஒன்றுமில்லை, சராசரியில் எல்லோருக்கும் கழிவறை! தேசிய மாதிரி ஆய்வு என்று சர்க்காரின் இன்னொரு இலாகா இருக்கிறது. அதன் விதியில் 20 குடும்பம் சேர்ந்திருந்தாலே போதும். ஆக ஒரே சந்து ஒரு இலாகாவுக்குக் குடிசைப் பகுதி, மற்றொரு இலாகாவுக்கு அல்ல. சேறு என்னவோ இரண்டுக்கும் ஒரே சேறுதான்.

அப்படியும் 2011 கணக்கில் சென்னையின் குடிசைப் பகுதி மக்கள் 13 லட்சத்து 42 ஆயிரம் பேர் என்று வந்தது. நூற்றுக்கு 29 பேர். விட்டுப்போன சிறு கூட்டங்களைச் சேர்த்தால் இது ஏறுமே தவிர இறங்காது.

அறிவிக்கப்பட்டது என்ற முதல் வகை இருக்கிறதே, அதில்தான் விஷயத்தின் முடிச்சு. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட பகுதியில் குடியிருப்பவரை, உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வெளியேற்ற வழக்குப் போடக்கூட முடியாது என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல பாதுகாப்பு. பிறகு என்ன நடந்தது? 1985-இல் 17 பகுதிகளைச் சேர்த்தார்கள். அத்தோடு பேனா நின்றுவிட்டது. பட்டணம் வளர்ந்தாலும் பட்டியல் வளரவில்லை. வாரியத்தின் பெயரை 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மாற்ற முடிந்த இடத்தில் பட்டியலை நீட்ட முடியவில்லை. பட்டியலில் இல்லாத குடியிருப்புக்குச் சர்க்கார் காகிதத்தில் என்ன பெயர்? ‘ஆட்சேபகரமான புறம்போக்கு’, ‘நீர்நிலை ஆக்கிரமிப்பு’. அங்கே மனிதர்கள் இருப்பதாக அந்தச் சொற்களிலிருந்து ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாக கோவிந்தசாமி நகர் இருந்தது. பல பத்தாண்டுகள் வாழ்ந்த ஜனங்கள். கோர்ட் உத்தரவைக் காட்டி 2022 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வீடுகளை இடித்தார்கள். மே 8-ஆம் தேதி அங்கே குடியிருந்த ஒரு முதியவர் தீக்குளித்தார். பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கத்திலேயே மாற்று வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. மாற்று வீடு பக்கத்திலேயே தரலாம் என்றால் இடிப்பதற்கு முன்பே அது ஏன் தெரியவில்லை? அந்தப் பெரியவரின் உயிர் போக வேண்டியிருந்ததா?

இதைப் பேசும்போது நமக்கு எங்கெல்ஸின் நினைவு வருகிறது. 1845-இல் இங்கிலாந்துத் தொழிலாளரைப் பற்றி அவர் எழுதிய நூலில் மான்செஸ்டரை வர்ணிக்கிறார். கனவான்கள் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும் சாலை நெடுகக் கடைகள் வரிசையாக நின்று, பின்னால் இருக்கும் தொழிலாளர் குடியிருப்பை மறைத்துவிடுகின்றன என்று காட்டுகிறார். அங்கே கடைவரிசை மறைத்தது. இங்கே கோடும் சராசரியும் மறைக்கின்றன.

இடம் பெயர்த்து அனுப்பப்பட்டவர்கள் கதை என்ன? 2000 வாக்கில் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம் என்று தெற்கே தெற்கே கொண்டுபோனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்து ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கம் போயின. இதில் எல்லைக்கோடு செய்த வேலையைப் பாருங்கள். 2011-இல் எண்ணியபோது அவர்கள் ஆற்றோரத்தில் இருந்தார்கள். ஆகவே கணக்கில் அவர்கள் பட்டணத்துக்காரர்கள். பெரும்பாக்கமோ 2011 எல்லை விரிவில் மாநகராட்சிக்குள் வராத ஊராட்சி. அந்த ஊராட்சியின் 2011 கணக்கில் இவர்கள் கிடையாது. ஊராட்சிக்குப் பணம் பிரிப்பதற்கு ஜனத்தொகை ஒரு முக்கிய அளவுகோல். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கும் எடுக்கப்படவில்லை. எட்டு மாடி அடுக்குகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஏற்றிவிட்டு, அந்த ஊரின் ஜனத்தொகை என்று பழைய கிராமத்தின் எண்ணை வைத்திருந்தால் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் யார் கணக்குப் பார்ப்பது? வேலைக்காக மயிலாப்பூர் வீடுகளுக்கு பஸ் ஏறி வருகிற பெண்களைக் கேளுங்கள். விடியுமுன் கிளம்பினால்தான் பாத்திரம் தேய்க்கும் நேரத்துக்கு வந்து சேர முடியும்.

ரங்கநாதன் தெருவிலும் இதே பிரச்னை மறுபக்கமாக இருக்கிறது. பகலில் அங்கே கால் வைக்க இடமில்லை. கணக்கெடுப்பு எண்ணுவது ராத்திரி படுக்கிற இடத்தை. மாநகராட்சி குடியிருப்போர் தொகையை மட்டும் பார்த்துக் கழிப்பறை கட்டினால் கடைச்சிப்பந்திப் பெண்களுக்கு அது எந்த மூலைக்குப் போதும்? கடை விடுதியில் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று தங்கும் தென் ஜில்லாப் பையன்கள் ஒரு குடும்பமாக எண்ணப்படுவதில்லை, ‘நிறுவனக் குடியிருப்பு’ என்று தனியாக எழுதுகிறார்கள். அந்த எழுத்து சரியாக நடக்க வேண்டுமானால், இத்தனை பேர் இங்கே தூங்குகிறார்கள் என்று விடுதியை நடத்துகிறவர் உள்ளபடி சொல்ல வேண்டும். சொல்லுவாரா?

கிராமத்துத் தோழர்கள், ‘இது பட்டணத்து விவகாரம்’ என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் பக்கத்தில் மறைப்பு இன்னும் பழையது. ஜனத்தொகைக் கணக்குக்குக் கிராமம் என்றால் வருவாய்க் கிராமம். கர்ணம் கணக்கிலிருந்து வந்த அந்த எல்லைக்குள் ஊர் இருக்கும், சேரி இருக்கும், நடுவே வயலும் வாய்க்காலும் இருக்கும். சேரிக்கென்று தனி ஊர்க்கணக்குக் கிடையாது. ஜில்லாப் புத்தகத்தில் ‘கிராமத்தில் பள்ளி உண்டு, குடிநீர் உண்டு, தார்ச்சாலை உண்டு’ என்று பதிவாகும். உண்டுதான், ஊருக்குள்! சேரிக் குழந்தை வாய்க்காலைத் தாண்டி நடப்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போகிறார்களே, அதற்கும் இல்லை.

எது கிராமம், எது நகரம் என்பதற்கு 1961 கணக்கெடுப்பில் ரிஜிஸ்டிரார் ஜெனரலாக இருந்த அசோக் மித்ரா காலத்தில் திட்டமான அளவு வைத்தார்கள். குறைந்தது 5,000 பேர், சதுர மைலுக்கு 1,000 பேர் நெருக்கம், முக்கால்வாசி ஆண்கள் விவசாயம் அல்லாத தொழில். மைல் கிலோமீட்டரானதும் 400 பேர் என்று திருத்தினார்கள். இந்த அளவுக்கு வந்துவிட்ட ஊராட்சியைக் ‘கணக்கெடுப்பு நகரம்’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் 2001-இல் அப்படிப்பட்டவை 111, 2011-இல் 376. கணக்குப் புத்தகத்தில் நகரம், நிர்வாகத்தில் ஊராட்சி. இந்த அளவில் பெண்களின் உழைப்பு சேரவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆண்கள் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட, நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் என்று ஆகிவிட்ட ஊரும் இந்தக் கணக்கில் விவசாயம் இல்லாத ஊர்தான்! உலகம் முழுதும் ஒரே அளவு என்றும் நினைக்க வேண்டாம். டென்மார்க்கில் 200 பேர், வீட்டுக்கு வீடு 200 மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருந்தாலே அது நகரக் குடியிருப்பு. ஜப்பானில் நகரம் என்ற தகுதிக்கு 50,000 பேர் வேண்டும். அளவு வானத்திலிருந்து விழுவதல்ல, மனிதர்கள் வைப்பது.

மனிதர்கள் வைப்பதை மனிதர்கள் மாற்றவும் செய்கிறார்கள். 2004-இல் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ என்று மாற்றினார்கள், ஊரகத் திட்டப் பணம் கிடைக்கட்டும் என்று. 2006-இல் திரும்பவும் பேரூராட்சி ஆக்கினார்கள். நடுவில் எந்த வயலும் கடைவீதி ஆகவில்லை. விவசாயத் தொழிலாளிக்கு இதில் பட்டது என்ன? ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வந்தபோது ஊராட்சிப் பகுதிக்கு மட்டும் என்றே எழுதப்பட்டது. கோடு நகர்ந்து உங்கள் ஊர் நகராட்சிக்குள் போனால் கையில் வேலை அட்டை இருந்தும் வேலை இல்லை. 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் சேர்க்க உத்தரவு வந்தபோது பல ஊர்களில் ஜனங்கள் திரண்டு எதிர்த்தது இதனால்தான். “வரி மட்டும் பட்டணத்து வரி, சாக்கடை கிராமத்துச் சாக்கடை” என்பது அவர்கள் பேச்சு. நகரமாவதே கேடு என்று நாம் சொல்லவில்லை. மயிலாப்பூர் குடிசைக்காரருக்குப் பட்டணத்துக்குள் இருப்பதுதான் ஜீவன். பட்டணத்து ஓரத்து விவசாயக் கூலிக்கு வெளியே இருப்பது ஜீவன். இருவரையும் கேட்காமல் கோடு போடுகிறார்கள் என்பதே நம்முடைய வழக்கு.

கடலோரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நொச்சிக்குப்பம், டுமில்குப்பம், சீனிவாசபுரம், ஊரூர் குப்பம் இவற்றில் குடிசை மட்டுமே ஊர் அல்ல. வலை உலர்த்துகிற மணல், படகு ஏற்றுகிற மேடு, மீன் விற்கிற பாதை எல்லாம் சேர்ந்ததுதான் ஊர். கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி வரைபடத்தில் மீனவர் குடியிருப்பையும் அவர்களுடைய பொது இடங்களையும் குறிக்க வேண்டும். அவை சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர் அமைப்புகள் ஆட்சேபித்து வந்திருக்கின்றன. வீட்டுச் சுவரோடு கோட்டை நிறுத்தினால் ஜனத்தொகை சரியாக வந்துவிடும். ஜனங்களின் பிழைப்பு கோட்டுக்கு வெளியே போய்விடும்.

இனி நடக்க வேண்டிய காரியம். அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025 ஜூனில் வந்தது. நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31-இல் இருந்தபடி நிறுத்தப்பட்டு, 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் வீட்டுப் பட்டியல், 2027 பிப்ரவரியில் ஆள்கணக்கு, மார்ச் 1 ஆதார நாள் என்பது திட்டம். இம்முறை கைபேசியில் எழுதுகிறார்கள், ஜாதியும் கேட்கிறார்கள். ஜில்லா எல்லையையும் வார்டு எல்லையையும் நாம் இப்போது அசைக்க முடியாது. பிளாக் எல்லை அப்படி அல்ல. அதைக் கிராமப் பகுதியில் தாசில்தார் ஆபீசிலும் பட்டணத்தில் மாநகராட்சி மண்டல ஆபீசிலும் போடுகிறார்கள். அங்கே போய்க் கேட்கலாம். ஒரு குப்பத்தை இரண்டாக வெட்டி இரண்டு பிளாக்கில் போட்டு, இரண்டு பக்கத்திலும் 60 வீட்டுக்குக் குறைவாக ஆக்கியிருக்கிறார்களா? கால்வாய்ச் சுவருக்கு அப்பால் இருக்கும் வீடுகள் எந்தப் பிளாக்கில் இருக்கின்றன, அல்லது எதிலுமே இல்லையா? இடிக்கப்பட்டு, அங்கேயே கித்தான் கட்டிக் குடியிருப்பவர்கள் வீடற்றவர்களாக எழுதப்படுகிறார்களா? 2011-இல் வீடற்றவர்களை பிப்ரவரி 28 இரவு ஒரே ராத்திரியில் எண்ணினார்கள். அந்த ராத்திரி கணக்கெடுப்பவரோடு, எந்தப் பாலத்தடியில், எந்தக் கடைத் திண்ணையில் யார் படுக்கிறார்கள் என்று தெரிந்த ஆள் ஒருவர் கூடப் போனால் போதும், எத்தனையோ பேர் கணக்கில் வருவார்கள்.

ஒவ்வொரு குப்பத்திலும் சேரியிலும் நாமே ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். வீட்டு வரிசை, குடும்பங்களின் எண்ணிக்கை, எந்த வருஷம் குடிவந்தார்கள், குழாய் எத்தனை அடியில், கழிவறை உண்டா, மழைத் தண்ணீர் எதுவரை ஏறும், வலை உலர்த்தும் இடம் எங்கிருந்து எங்கே. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒரு பிரதியை மண்டல ஆபீசிலோ தாசில்தாரிடமோ கொடுத்து, மறுபிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கி, கிளைச் செயலாளரிடம் பத்திரமாக வைக்க வேண்டும். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அந்த நோட்டிலேயே ஒட்டுங்கள்.